கடற்கரைச் சாலையில் மாடுகள்: மேய்க்கால் நிலம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே மாடுகள் இரவில் கூட்டமாகப் படுத்துக் கிடப்பதாகவும், அவற்றை வளர்ப்போருக்கு அபராதத்தை உயர்த்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விபத்தைப் பற்றிய அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால், அந்த மாடுகள் சாலைக்கு ஏன் வந்தன என்பதை, கிடை போட்ட (வயலுக்கு உரமாக மந்தையை இரவில் அங்கே அடைத்து வைக்கும்) குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்தால், தை, மாசியில் அறுப்பு முடிந்த பிறகே தாள் மேய வயல் கிடைக்கும். அதன்பின் கவலையில்லை, சாணத்துக்கும் கோமியத்துக்குமாகச் சம்சாரிகளே (விவசாயிகளே) மந்தைத் தலைவரான கீதாரியைத் தேடி வந்து, இத்தனை இரவுக்கு இத்தனை மரக்கால் நெல் என்று பேசிக் கிடை அமர்த்திய காலம் உண்டு. பயிர் நிற்கும் மாதங்களில்தான் சிக்கல். அப்போது மந்தை, மேய்ச்சலுக்கென ஒதுக்கிய பொதுநிலமான மேய்க்கால் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையை ஒட்டிய மேட்டிலும் நின்றது. இன்று அங்கெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. அதன் இலையை மாடு தொடாது, காயை விடாது. தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். ‘மாடே விதைத்த காடு’ என்று என் தந்தை சலித்துக்கொள்வார். மிஞ்சிய திடல்கள் சில, வேலிக்குள்ளும் மனைக்கற்களுக்குள்ளும் போய்விட்டன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையெங்கும் சேறும் கொசுவுமாக இருக்கையில், மேடாகவும் காற்றோட்டமாகவும் சீக்கிரம் ஈரம் வடிவதாகவும் இருப்பது தார்ச்சாலை ஒன்றுதான். மந்தையின் மூத்த பசு அங்கே கால் மடக்கினால், மற்றவையும் சுற்றிப் படுத்து அசைபோடத் தொடங்கிவிடும். வண்டி ஓட்டுவோர் ஒலிப்பானை அலறவிட்டால் மந்தை சிதறும். கன்று ஒருபுறமும் தாய் மறுபுறமுமாகப் பிரிந்துவிட்டால், எந்த வெளிச்சத்தையும் பாராமல் தாய் குறுக்கே பாயும். வேகத்தைக் குறைத்து, முதலில் எழுகிற பசுவுக்கு வழி விட்டால் மற்றவை பெரும்பாலும் அதன் பின்னே இறங்கிவிடும்.

ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி, அவற்றை மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்க மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 இல் உத்தரவிட்டது. ஆகவே, மாவட்ட நிர்வாகம் அபராத ரசீதை நீட்டுவதற்கு முன்பாக, வருவாய்ப் பதிவேட்டில் மேய்க்கால் என்று எழுதியுள்ள நிலங்களை அளந்து, சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கி (வெறுமனே வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்), வரும் புரட்டாசிக்குள் ஊருக்கு ஒரு மேட்டுத் திடலையாவது மந்தைக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தொண்டி.