குடிப்பழக்கக் கேள்வித்தாளை ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பாதீர்கள்

பெங்களூரு கல்லூரி முதல்வர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

மருத்துவ முகாம் நடத்தும்போது குடிப்பழக்கம் பற்றிய சிறு கேள்வித்தாளையும் பிள்ளைகளிடம் தருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது?

என் மகன் படிக்கும் கல்லூரியில் பெயரும் ரோல் நம்பரும் எழுதச் சொல்லி, வகுப்பறையிலேயே தாளை நிரப்ப வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் தெரியும். என் மகன் உள்ளதை உள்ளபடி டிக் அடித்தான். மறுவாரம் என்னைக் கூப்பிட்டு, அவன் எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் கீழே கையெழுத்து வாங்கினார்கள். எப்போதிலிருந்து, யாரோடு, எதற்காகக் குடிக்கிறாய் என்று அவனை உட்காரவைத்துக் கேட்க அங்கே ஒருவர்கூட இல்லை. "பொய் எழுதினவனெல்லாம் தப்பிச்சிட்டாம்மா" என்றான். அடுத்த முகாமில் அவன் என்ன எழுதுவான் என்று உங்களுக்கே தெரியும்.

குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 முதல் 15 வரை வந்தால் எளிய அறிவுரை போதும் என்கிறது அதன் கையேடு. 20-ஐத் தொட்டால்தான் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது. மன்னிப்புக் கடிதம் அதில் எங்கும் இல்லை.

பக்கத்தில் இருந்து விளக்கவும் ஆள் வேண்டும். எத்தனை டிரிங்க் என்று கேட்டால், ஒரு குவார்ட்டரை 'ஒன்று' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. குவார்ட்டர் 180 மில்லி. ஒரு டிரிங்க் 30 மில்லி என்ற கணக்கில் அது ஆறு. 90 மில்லி மது பாக்கெட்டே மூன்று. இதை எடுத்துச் சொல்லாவிட்டால் வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அல்சூரில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு எம்.ஆர்.பி. மதுக்கடை. வயது கேட்காமல் பாட்டிலை நீட்டுபவனிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் வாங்குவதில்லை. கலால் வருமானம் அரசுக்கு, அவமானம் எங்களுக்கு என்றால் எப்படி?

சரி, உங்களால் முடிந்ததையே கேட்கிறேன். தனி அறையில், ஒரு நர்ஸோ ஆலோசகரோ கேட்கட்டும். பதில் அவரோடு இருக்கட்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் இது, ஆலோசகருக்குப் பயிற்சி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தத் தாள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகாது என்று அடுத்த முகாமுக்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய், அல்சூர்