ரீயூனியன் தீவில் வாழும் என் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுதலைப் பத்திரத்தை ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். காரைக்கால் வீட்டில் உங்களுக்குள்ள பங்கை என் பெயருக்கு விட்டுத்தருவதாக நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் ஏன் மறுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பங்கின் மதிப்பைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தைச் சித்தப்பா வீட்டாரும், பாரிசில் இருக்கும் அத்தை பிள்ளைகளும் படிக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் மறுத்து வந்த நான் இப்போது ஏன் ஏற்கிறேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் தீவைப் பற்றித்தான் எழுதியாக வேண்டும்.

அண்மையில் உங்கள் மகள் தொலைபேசியில் பேசினாள். சங்கத்தின் வார இறுதி வகுப்பில் கற்ற தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "நான் தமிழ்ப் பெண் இல்லை, அத்தை. நான் ரீயூனியன் பெண்" என்றாள். அவள் குரலில் கோபமோ விலகலோ இல்லை. ஊரின் பெயரைச் சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் அண்ணன் மகள் எப்படித் தமிழ்ப் பெண் இல்லாமல் போவாள் என்ற கேள்வியோடுதான் அந்தத் தீவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அவள் சொன்னது சரி என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தேன்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான அந்தத் தீவில் பூர்வகுடி என்று எவரும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கும்வரை அது ஆளில்லாத தீவு. 1660களில் குடியேறிய முதல் குடும்பங்களிலேயே பிரெஞ்சு ஆண்களும் மடகாஸ்கரின் மலகாசிப் பெண்களும் இருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து இந்தோ-போர்த்துக்கீசியப் பெண்களும் வந்து சேர்ந்தனர். ஆக, ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல்கள் புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே இந்திய இரத்தம் கலந்துவிட்டது. "வெள்ளையர்" என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் பழைய குடும்பங்கள் பலவற்றின் வேரில் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். பிறகு மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். தப்பி மலையேறியவர்கள் சிலாவோஸ், மஃபாத் என்று தங்கள் மொழிப் பெயர்களை அந்த மலைகளில் விட்டுச் சென்றார்கள். 1848 டிசம்பர் 20 அன்று 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றபோது, கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. அந்தத் தேவைக்காகத்தான் நம் காரைக்கால் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும், 1860 உடன்படிக்கைக்குப் பின் சென்னை போன்ற பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்தும், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தும்வரை போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று பொறுமை இழக்காதீர்கள். எனக்கு இதையெல்லாம் நீங்கள் ஒருநாளும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும், "வந்து பார்த்தால் புரியும்" என்றீர்கள்.

வந்து பார்த்தேன். சேன் அந்த்ரேயில் அந்தக் கொட்டகை இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீமிதிக்கு முந்தைய நாள்களில் ஒன்று. நீங்கள் வெளியே ஆண்களோடு நின்றிருந்தீர்கள். நான் அண்ணியின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாஞ்சாலியின் கதை நடந்துகொண்டிருந்தது. கூத்தை நடத்திப் பாடுபவர், அங்கே "வர்த்தியால்" என்று அழைக்கப்படும் அந்தப் பெரியவர், ஓரங்கள் மடிந்த நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துப் பாடினார். எட்டிப் பார்த்தேன். அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கூத்துப் பாட்டுகள் முழுவதும் பிரெஞ்சு ஒலிப்பு வழக்கப்படி ரோமன் எழுத்தில் இருந்தன. வாழ்நாள் முழுவதும் தமிழ் கற்பித்த எனக்கு, அவர் பாடியதில் மூன்று வரிக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. ழகரமும் ளகரமும் ஒன்றாகியிருந்தன. சந்தி பிரிய வேண்டிய இடத்தில் சேர்ந்தும், சேர வேண்டிய இடத்தில் பிரிந்தும் வந்தது. "சபை", "துகில்" என்று சில சொற்கள் மட்டும் கரையேறி வந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு அவர் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கதை சொன்னார்.

அண்ணியின் அம்மாவுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. ஆனால் துகிலுரியும் இடத்தில், கிரியோல் விளக்கம் வருவதற்கு முன்பே, பாட்டு நடக்கும்போதே அழத் தொடங்கிவிட்டார். எந்த ராகத்தில் பாஞ்சாலி கண்ணனை அழைக்கிறாள் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அப்போதுதான் உங்கள் மகள் என் கையைப் பற்றி, "அவர் என்ன பாடுகிறார், அத்தை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளுடைய பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரியோலில் விடை சொல்லிவிட்டார். குழந்தையின் முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தேன். அது சரியான விடையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் உங்களிடம் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். அது அண்ணியின் குடும்பத்தைப் பற்றியது. அவர்களுக்கு இதைப் படித்துக்காட்ட ஆள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் கேட்டாக வேண்டும். அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில், மாலையில் திண்ணைப் பக்கம் காலடி கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வார். நீங்கள் பதினாறாம் நாளுக்குத்தான் வந்தீர்கள். விமான டிக்கெட்டின் விலை எனக்குத் தெரியும்; வேலையில் விடுப்புக் கிடைக்காததும் தெரியும். ஆனால் அந்தக் கொட்டகையில், யாரோ ஒரு வர்த்தியாலுக்கு நீங்கள் குனிந்து தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தபோது, இந்தப் பணிவு நம் வாசலுக்கு வரவில்லையே என்று என் நெஞ்சு எரிந்தது. அம்மா கடைசியாகச் சொன்னதை நேரில் சொல்கிறேன். அது ஊர் படிப்பதற்கானதன்று.

அந்தப் பயணத்தில் இன்னொரு நாள், "இங்கே நம்மவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். நீங்கள் தோளைக் குலுக்கிவிட்டு, "யாரும் எண்ணுவதில்லை" என்றீர்கள். தட்டிக்கழிப்பதாக நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சட்டத்தின் நிலை என்று. ஏறத்தாழ 9 லட்சம் பேர் வாழும் தீவில், பிரெஞ்சுக் குடிமதிப்பீடு வயதைக் கேட்கிறது, தொழிலைக் கேட்கிறது, பிறந்த இடத்தைக் கேட்கிறது. இனத்தையோ மதத்தையோ கேட்பதில்லை. மல்பார் என்று அங்கே அழைக்கப்படும் தென்னிந்திய வழியினர் நான்கில் ஒரு பங்கு என்பதெல்லாம் மதிப்பீடு மட்டுமே. கடலில் இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மொரீஷியசில் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இருக்கிறது. ரீயூனியனில் இரண்டும் இல்லை. அங்கே விடுமுறை, அடிமைகள் விடுதலை பெற்ற டிசம்பர் 20க்கு.

எண்ணத்தான் விரும்பினாலும் எப்படி எண்ணுவது? அண்ணியின் தந்தை வழி மல்பார். தாய் வழியில் ஆப்பிரிக்க வழியினரான ஒரு கஃப் பாட்டி, மலைப்பகுதியின் ஏழை வெள்ளையரான யாப் ஒருவர். தெருமுனைக் கடை கான்டன் பக்கத்திலிருந்து வந்த சீனருடையது. துணிக்கடை குஜராத்தி முஸ்லிம்களான ஸராபுகளுடையது. அவர்களும் உங்கள் மகளிடம் கிரியோலில்தான் பேசுகிறார்கள். இந்தக் குழந்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் கேட்டது, அங்கே பிறந்த எவருக்கும் புரியாத கேள்வி.

மொழி போன விதத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. தமிழரும் தெலுங்கரும் பிறரும் தோட்டந்தோறும் சிதறடிக்கப்பட்டார்கள். பெண்கள் மிகக் குறைவாகவே வந்ததால் பலர் கிரியோல் பேசும் பெண்களோடு குடும்பம் அமைத்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். ஞானஸ்நானம் வாங்கி, கிறித்தவப் பெயர் வைத்து, கோயிலையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். 1889 குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரர்களாக்கியது. பள்ளி பிரெஞ்சு மொழியை மட்டும் கற்பித்தது. கப்பலேறிய ஒருவரின் தனிப்பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவாகி, குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. மொழியைத் தூக்கியெறிந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. மதுரை வீரனையும் முனியையும் மாரியம்மனையும் தோட்டத்து ஓரக் கோயில்களில் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

ஆனால் அண்ணா, அந்தக் காரணங்களில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லை. அப்பா 1962இல் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்ததால் திறந்த வழியில், நீங்கள் படிப்போடும் வேலைக்கான கடிதத்தோடும் விமானத்தில் போனீர்கள். உங்களை யாரும் கப்பலில் வந்தவர்களை நோய்த்தொற்றுக்கு அஞ்சி ஒதுக்கிவைத்த லா கிராந்த் சாலூப் முகாமில் அடைக்கவில்லை. அப்படியிருந்தும் உங்கள் வீட்டில் ஏன் தமிழ் ஒலிக்கவில்லை? மகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பியதை நான் மதிக்கிறேன். மழையில் வகுப்பு வாசலில் காரில் அவளுக்காகக் காத்திருந்ததை அண்ணி சொன்னார். ஆனால் வகுப்பில் கிடைப்பது பாடம். அப்பாவிடம் கிடைக்க வேண்டியது வேறு. நீங்கள் அவளைக் கொஞ்சுவதையும் கிரியோலில்தான் கேட்டேன். அன்று எனக்கு அது பொறுக்கவில்லை, இன்றும் முழுமையாகப் பொறுக்கவில்லை.

இருந்தாலும், அந்தக் கொஞ்சலில் பொய் இல்லை என்பதையும் கேட்டேன். அங்கே அடிமையும் கூலியும் முதலாளியும் பகிர்ந்து உண்டாக்கிய மொழி அது. 2000ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு அரசு அதை வட்டார மொழியாக ஏற்றது. அதுவரை பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகளைத் திருத்தினார்கள். நம் கறிவேப்பிலையும் முருங்கையும் அதற்குள் வேறு ஒலியில் வாழ்கின்றன. அதை உங்கள் வீட்டு மொழியாக நீங்கள் எடுத்துக்கொண்டதை வீழ்ச்சி என்று நினைப்பதை நான் நிறுத்திவிட்டேன். உங்கள் பங்கு என் பெயரில் இல்லாதவரை நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் மகளுக்கு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் நீங்கள் தந்தை. பத்திரத்தை ஏற்பதற்கு இதுதான் காரணம்.

உங்களுக்குப் பதிலாக இங்கே கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தைச் சேன் தெனியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து அனுப்புங்கள். இங்கே பதிவுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதோடு எனக்காக ஒன்று செய்ய வேண்டும். அந்த வர்த்தியாலிடம் அனுமதி கேட்டு, அவருடைய நோட்டின் நகலை அனுப்புங்கள். ரோமன் வரிகளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதித் தருகிறேன். விளங்காத வரிகளுக்கு இடம் விட்டுவைப்பேன். அந்த இடங்களில் என்ன நடக்கிறது என்று அவளுடைய பாட்டியிடம் கேட்டு எழுத வேண்டியவள் உங்கள் மகள். கிரியோலில் எழுதினாலும் போதும்.

அன்புடன்,
உங்கள் தங்கை