அரையாண்டுக்குப் பிறகு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து நாட்கள் ஓடியதே தெரியவில்லை. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், பரிசும் வாங்கினார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலை நேர வகுப்புகள் தொடர்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் மதுரைச் சுற்றுலா. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கீழடிக்குப் போனோம். 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு போலத் தூணும் முற்றமுமாக இருக்கிறது. உறைகிணற்றைப் பற்றிச் சொல்லும்போது கொட்டாவி விட்டவர்கள், தாயக்கட்டையையும் வட்டச்சில்லையும் பார்த்ததும் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. "பாண்டி ஆடுற சில்லு சார்!" என்று ஒரு மாணவி கத்தினாள். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பானை ஓடுகளில் கீறியிருந்த தமிழி எழுத்துகளைச் சரித்திர ஆசிரியர் ஒவ்வொன்றாகக் காட்ட, ஆதன், குவிரன் என்று பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். பிறகு பள்ளிச்சந்தைத் திடலின் தென்னந்தோப்பு நிழலில் புளியோதரை. அதுவரை அருமையான நாள்.

பிற்பகல் திருமலை நாயக்கர் மகால். மாசி மாதம்தான், ஆனாலும் மதுரை வெயில் மாதம் பார்ப்பதில்லை. முற்றத்தில் நிற்க முடியாமல் பிள்ளைகள் தூண்களின் நிழலுக்கு ஒதுங்கினார்கள். அந்த நேரத்தில்தான் சில மாணவர்கள், ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸை எடுத்து ஒரு தூணில் தங்கள் பெயரையும் வகுப்பையும் கீறியிருக்கிறார்கள். காவலர் பார்த்துவிட்டார். பெரியவர் சத்தம் போடவில்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கன்னு சொல்றீங்க சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தத் தூண்களில் ஏற்கெனவே எத்தனையோ பெயர்கள் இருப்பது உண்மை. காதல் ஜோடிகள், ஊர்ப்பெயர்கள், அம்புக்குறி பாய்ந்த இதயங்கள், என்னென்னவோ. அதனால்தான் பிள்ளைகளுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை என்பது எனக்கும் புரிகிறது. ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், "ஆதன் மட்டும் பானையில எழுதலாமா சார்?" என்று கேட்டான். கெட்டிக்காரன்தான். பானை ஆதனுடையது, தூண் உன்னுடையது இல்லை என்று சரித்திர ஆசிரியர் சொன்னதும் பேச்சு நின்றது.

அந்த மகாலைத் திருமலை நாயக்கர் 1636இல் கட்டியதாகச் சொல்வார்கள். இன்று நாம் பார்ப்பது அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பழுது பார்த்ததால் இந்த அளவாவது மிஞ்சியது. தூண்களின் மேலே இருப்பது வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. காம்பஸ் முனை பட்டால் அது பொடியாக உதிர்கிறது. மேலே வெள்ளையடித்தால் பள்ளம் மறையாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சம்பந்தப்பட்ட பெற்றோர்களிடம் தனித்தனியாகப் பேசிவிட்டோம். பெரும்பாலானவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஓரிருவர் மட்டும், "எல்லாரும்தானே கிறுக்கி வச்சிருக்காங்க, எங்க பிள்ளைய மட்டும் ஏன் சொல்றீங்க?" என்றார்கள். பெற்ற மனம் அப்படித்தான் பேசும், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பள்ளி ஏற்றுக்கொள்ளாது. அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அதில் கீறுவது சட்டப்படி குற்றம். காவலர் பெருந்தன்மையாக விட்டதால் ஆசிரியர்களோடு பேச்சு முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இனி எங்கே அழைத்துப் போனாலும் இப்படி நடந்தால் அந்த மாணவர் அடுத்த ஆண்டுச் சுற்றுலாவில் இடம்பெற மாட்டார். அனுமதிப் படிவத்திலும் இதைச் சேர்க்கிறோம். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தத் தூணின் படம், பிள்ளைகளின் பெயர் தெரிகிற மாதிரியே, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வந்தது. கூடவே சிரிப்புப் பொம்மைகளும். யார் அனுப்பியது என்று நான் தேடப்போவதில்லை. தயவுசெய்து அழித்துவிடுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் செய்த ஒரு காரியத்துக்காக அந்தப் பிள்ளைகளைத் தெரு முழுக்கப் பேச வைப்பது நியாயமே இல்லை. வீட்டில் அடிக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், போதும். அவர்களே மகால் அலுவலகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எழுத்துப்பிழைகளைக்கூட நாங்கள் திருத்தவில்லை.

மற்றபடி இந்தச் சுற்றுலா இவ்வளவு நன்றாக நடந்ததற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். விடியற்காலையில் எழுந்து கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தீர்கள். கேன் கேனாக நீர்மோர் அனுப்பியவர்களும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து பிள்ளைகளை எண்ணி எண்ணியே தொண்டை வறண்ட அம்மாக்களும் இல்லாவிட்டால் அந்த வெயிலைச் சமாளித்திருக்க முடியாது. ஒரு பிள்ளைக்குக்கூட மயக்கம் வரவில்லை.

ஆண்டுத் தேர்வு அட்டவணை அடுத்த வாரம் டைரியில் ஒட்டி அனுப்பப்படும். பஸ்ஸில் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள், தொப்பிகள், ஒற்றைச் செருப்பு ஒன்று, எல்லாம் அலுவலகத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்