பன்னிரண்டு விதிகளும் ஒரு தேய்ந்த ஸ்கேலும்

கோபிசெட்டிபாளையம்,
ஜூன் 8

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு வடிவியலுக்கு முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பன்னிரண்டு விதி எழுதியிருக்கிறாய். எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான்காவதாக எழுதியிருக்கிறாயே, 'வில்லை அழிக்கக் கூடாது' என்று, அதை முதலாவதாகப் போடு. படம் சுத்தமாக இருந்தால்தான் நல்ல படம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காம்பஸ் வைத்து வெட்டிய வளைகோட்டையெல்லாம் ரப்பரால் துடைத்துவிட்டு, வெறும் முக்கோணத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். செய்முறை வடிவியலில் அந்த முக்கோணம் எப்படி வந்தது என்பதற்கு வில்தான் சாட்சி. மையக்குத்துக்கோடு என்றால் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தவறாக விழுந்த வில்லையும் அழிக்க வேண்டாம், பக்கத்தில் சரியானதைப் போடட்டும். எங்கே தடுமாறினான் என்பது அப்போதுதான் உனக்குத் தெரியும். கையால் சும்மா போட்டுப் பார்க்கிற உதவிப்படம் போடாமல் நேராக அளவுப்படத்துக்குப் பாய்கிறவர்களையும் விடாதே. உதவிப்படத்தில் அளவுகளைக் குறிக்கும்போதுதான் கணக்கே புரிகிறது.

'ஒவ்வொரு ஆகவேக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்' என்பதும் இருக்கட்டும். அதோடு ஒன்று சேர்த்துக்கொள். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாகப் போட்ட கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்கிற தேல்ஸ் தேற்றத்தைப் புத்தகத்தில் உள்ள அதே ABC-யோடு, அதே நிமிர்ந்து நிற்கும் முக்கோணத்தோடு மனப்பாடம் செய்துவிடுவார்கள். டெஸ்டில் முக்கோணத்தைச் சாய்த்துப் போடு, எழுத்தை PQR ஆக்கு. யாருக்குப் புரிந்திருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் இப்படித்தான் கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

ஒன்பதாவது விதியை எடுத்துவிடு. தவறு செய்தால் வரைமுறைப் படிகளைப் பத்து முறை எழுதிவர வேண்டுமாம். பத்து முறை எழுதுகிற கைக்கு வலிதான் மிச்சம். ஒரே ஒரு முறை, வேறு அளவில், உன் கண் முன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரையட்டும். ஜியோமெட்ரி பெட்டி கொண்டுவராதவர் வெளியே நிற்க வேண்டும் என்ற மூன்றாவதும் வேண்டாம். அரசு விலையில்லாப் பெட்டி கொடுத்தாலும் இரண்டு மாதத்தில் காம்பஸ் திருகு கழன்றுவிடும், பென்சில் நிற்காது. ஆறு காம்பஸும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் வாங்கி வகுப்பு அலமாரியில் வை. கேட்டு வாங்கி, மணி அடித்ததும் திருப்பிவைக்க வேண்டும் என்பதுதான் விதி. காம்பஸ் முனை வழுக்குகிறது என்று சொல்லும் பிள்ளைக்குத் தாளுக்கு அடியில் நோட்டை வைக்கச் சொல்.

இப்போது ஏழாவதுக்கு வருகிறேன். 'நீளத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் பிழை இருந்தால் அந்தப் படத்துக்கு மதிப்பெண் கிடையாது.' இதே மாதிரி ஒரு விதி என்னிடமும் இருந்தது. அந்த விதியால் ஒரு பிள்ளைக்கு நான் செய்த தவறை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

2014-இல் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஹோம்வொர்க்கை ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் வரைந்துவிடுகிறார்கள் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். இடக்கோணம் 60°, வலக்கோணம் 50°, இது எல்லாருக்கும் பொது. அடிப்பக்கம் மட்டும் ஆளுக்கொன்று. 6 செ.மீ.யோடு வருகைப் பதிவேட்டில் உள்ள தன் எண்ணை மில்லிமீட்டராகக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் எண்ணுக்கு 6.1, முப்பத்தெட்டாம் எண்ணுக்கு 9.8. ஒருவருக்கொருவர் சொல்லித்தரலாம், ஆனால் பார்த்து வரைய முடியாது.

வரைந்ததை வெட்டி எடுத்துவரச் சொல்லி, மேசையில் சிறியது மேலே இருக்கும்படி எண் வரிசையில் அடுக்கினேன். எல்லாவற்றின் இடமூலையும் ஒன்றாக, அடிப்பக்கங்கள் ஒரே கோட்டில். வலப்பக்க ஓரங்கள் நூல் இடைவெளியில் ஒன்றையடுத்து ஒன்று இணைகோடுகளாக இறங்கி நின்றன. பிள்ளைகள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். எந்த இரண்டு தாளை எடுத்து அளந்தாலும் அடிப்பக்கங்களின் விகிதமும் இடப்பக்கங்களின் விகிதமும் ஒன்றாகவே வந்தன. கரும்பலகையில் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்த தேல்ஸ் தேற்றம் மேசை மேலே கிடந்தது. கோணம் பிசகியவர்களின் தாள் மட்டும் சாய்ந்து தெரிந்தது. நான் சொல்வதற்கு முன்னாலேயே அவரவர் எடுத்துக்கொண்டு திருத்தப் போனார்கள்.

பதினேழாம் எண் மட்டும் காணவில்லை. உருவிப் பார்த்தால் பதினாறாம் தாளுக்கு அடியில் முழுக்க மறைந்து கிடக்கிறது. எடுத்துப் பதினைந்தாம் எண் மேல் வைத்தேன். ஓரத்தோடு ஓரம் ஒட்டியது. 7.7 இருக்க வேண்டிய இடத்தில் 7.5. கோணங்கள் வகுப்பிலேயே மிகச் சரியாக இருந்தன. அந்தப் பிள்ளையின் முந்தைய மூன்று டெஸ்ட் தாள்களை எடுத்தேன். மூன்றிலும் நான் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். எல்லாவற்றிலும் அதே 2 மில்லிமீட்டர் குறைவு. கவனமில்லாதவள் ஒருமுறை கூட்டுவாள், ஒருமுறை குறைப்பாள். இவள் ஒரே மாதிரிக் குறைத்திருந்தாள்.

ஸ்கேலைக் கொண்டுவரச் சொன்னேன். அண்ணன் படித்த காலத்து ஸ்கேல். பூஜ்யம் ஓரத்திலேயே தொடங்குகிற வகை, அந்த ஓரம் தேய்ந்து 2 மில்லிமீட்டர் போயே போய்விட்டது. அவள் ஓரத்திலிருந்து கோடு போட்டிருக்கிறாள். என்னைவிடக் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். அன்றே மூன்று தாளையும் திரும்பத் திருத்தி, வகுப்பின் முன்னால் தவறு என்னுடையது என்று சொன்னேன். என் ஸ்கேலை அவளுக்குக் கொடுத்து அதை நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அதற்கு முன் மூன்று மாதம் அந்தப் பிள்ளை, தான் கவனமில்லாதவள் என்று நம்பிக்கொண்டிருந்தாளே, அதை நான் எப்படித் திருத்துவது? இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அதனால் ஏழாவது விதியை இப்படி மாற்று: முதல் வாரத்தில் எல்லாருடைய ஸ்கேலையும் உன் ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிடு. ஓரம் தேய்ந்திருந்தால் 1-லிருந்து அளக்கச் சொல்லிக்கொடு. அப்புறம் துல்லியம் கேள், கண்டிப்பாகவே கேள். பிழைக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாம், மொத்தமாகப் பூஜ்யம் போடாதே. முறை சரியாக இருந்தால் அதற்கு உரியதைக் கொடு.

பொதுத்தேர்வைப் பற்றி. மெல்லக் கற்கும் பிள்ளைகளை வடிவியலையும் வரைபடத்தையும் மட்டும் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டாய். அதைக் குறைவாக நினைக்காதே. சமச்சீர் வந்தபோது இரண்டுக்கும் பத்துப் பத்தாக 20 மதிப்பெண் இருந்தது, இப்போது எட்டு எட்டாக 16. தேர்ச்சிக்கு 35 எடுக்கத் திணறுகிற பிள்ளைக்கு அது பாதிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைச் சரியாக வரைந்தேன் என்ற தைரியத்தில்தான் பலர் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பக்கமே திரும்புவார்கள். அதை வாசலாக வைத்துக்கொள், அங்கேயே நிறுத்திவிடாதே.

மற்ற விதிகள் அட்டை போடுவது, கோடு போடுவது பற்றியவை. உன் விருப்பம்.

அப்பா அந்தத் தேய்ந்த ஸ்கேலைப் பீரோவிலிருந்து தேடி எடுத்துவிட்டார். முறுக்கு டப்பாவோடு பார்சலில் வைத்திருக்கிறேன், வகுப்பில் காட்டு. உன் வகுப்பில் எத்தனை பேர் என்று எழுது. நாற்பதைத் தாண்டினால் 6-க்குப் பதில் 5 செ.மீ.யிலிருந்து தொடங்கு, இல்லாவிட்டால் கடைசிப் பிள்ளைகளின் முக்கோணம் ரொம்பப் பெரிதாகிவிடும்.

அன்புடன்,
அம்மா