அத்தானின் தகரப்பெட்டி

ஸ்காபரோ, கனடா
நவம்பர் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி எப்படி? எனக்கும் அதேதான், குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூட. பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் சுவரும்தான். தமிழ்க் கடையில் ஒடியல் மா இருக்கிறது என்று போன கிழமை கூழ் காய்ச்சினேன். மீனில் ஐஸ் மணம். சரி, அதை விடு.

நேற்று இங்கே போரில் செத்த படையினரை நினைக்கும் நாள். 1918இல் முதலாம் உலகப்போர் ஓய்ந்த நாளாம். காலை 11 மணிக்கு எல்லாரும் பேசாமல் நிற்கிறார்கள், சட்டையில் சிவப்புப் பூக் குத்தியிருக்கிறார்கள். பேரனும் பள்ளிக்கூடத்திலிருந்து பூவோடு வந்து கேட்டான்: "அப்பம்மா, எங்கட வீட்டில ஆராவது ஆமியில இருந்தவையோ?"

"இல்லை" என்றுதான் வாயில் வந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! அதற்குப் பிறகு இரவு முழுக்க நித்திரை இல்லை.

நீ அப்போது சின்னப்பிள்ளை, உனக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியாது. அத்தான் 1955இல் ஆமியில் சேர்ந்தவர். அந்த வருஷம்தான் அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர், இலங்கை இராணுவத்துக்கே தளபதியானார். மகன் ஆமியில் என்று மாமி ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லித் திரிந்தாவாம். தியத்தலாவையில் பயிற்சி, பிறகு வாகனம் திருத்துகிற வேலை. 1957 கடைசியில் வந்த பெருவெள்ளத்தில் லொறியில் அரிசி மூட்டை ஏற்றிப்போனதைத்தான் பெருமையாகச் சொல்லுவார். ஒருவரையும் சுட்டதில்லை. 1958இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு மனம் விட்டுப்போச்சு. தவணை முடிந்ததும் வந்து, கோண்டாவிலில் சைக்கிள் கடை போட்டார்.

பிறகு ஊரில் 'ஆமி' என்ற சொல்லே வேறாகிப்போச்சே. படம், பெல்ற், விடுவித்த கடிதம் எல்லாம் ஒரு தகரப்பெட்டிக்குள் போயின. அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொருளாதாரத் தடைக் காலம் ஞாபகம் இருக்கிறதா? பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியது. அத்தான் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்களைப் பார்த்தால் எது ரியூப், எது ஒட்டு என்று தெரியாது. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மகன் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்போம். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு, எல்லாரும் உடுப்பும் நகையும் கட்ட, இவர் சைக்கிள் திருத்துகிற சாவிப்பெட்டியையும் ஒட்டுப் போடுகிற சொலுசனையும் கட்டினார். எனக்கு வந்த கோபம்! ஆனால் நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் எத்தனை பேருடைய சில்லுக்கு அவர் மழைக்குள் குந்தியிருந்து ஒட்டுப் போட்டார் என்று நான் எண்ணவில்லை. ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை.

அடுத்த வருஷம் திரும்பி வந்தோம். ஒருநாள் ரோந்து போகும் சின்ன ஆமிப் பெடியன் ஒருவன் அறுந்த செயினோடு கடைக்கு வந்தான். அத்தான் சிங்களத்தில் இரண்டு சொல் சொல்லிக்கொண்டே பூட்டிக் கொடுத்தார். "நீங்களும் ஆமியில் இருந்தனீங்கள் என்று சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னால் அவன் சலூட் அடிப்பான். றோட்டால போற சனம் பாக்கும்" என்றார்.

இங்கே பேரனின் சைக்கிள் பனிக்காலம் முழுக்க நிலக்கீழ் அறையில் கிடக்கும். போன மாதம் அதன் செயின் கழன்றது. கடைக்குக் கொண்டுபோக வேணும் என்று மகன் சொல்ல, நான் நிலத்தில் குந்தி (எழும்பத்தான் இருவர் தூக்க வேண்டியிருந்தது) ஒரு குச்சியால் நெம்பிப் போட்டுவிட்டேன். பேரன் வாயைப் பிளந்தான். நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது ஒரு வேலையா?

இப்போது உன்னிடம் ஒரு காரியம். கடையின் மேசைக்குக் கீழே, பழைய றிம்முகளுக்குப் பின்னால் அந்தத் தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் உள்ள அத்தானின் ஆமிப் படத்தை, இங்கே வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடு. பேரனுக்கு நான் பொய் சொல்லிவிட்டேன், திருத்த வேணும்.

கடையை வாடகைக்குக் கேட்கிற பெடியனுக்கே கொடு. ஒன்று மட்டும் சொல்லு: காற்றடிக்கிற பம் வாசலில் இருக்க வேணும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. அத்தான் ஒருநாளும் வாங்கியதில்லை.

அன்புடன்,
அக்கா