30 அடி எப்படிங்க 98 மீட்டர் ஆகும்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பரீட்சை மார்க் பத்தின கடிதம் இல்ல இது, பயப்படாம படிங்க. எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இந்த மாசம் ஒரு வீட்டுவேலை குடுத்திருக்கோம், அதுக்கு உங்க உதவி வேணும்.

விஷயம் என்னன்னா, 30 அடி நீள ரூமை மீட்டர்ல எழுதச் சொன்னா கொஞ்சம் பேர் கால்குலேட்டர்ல 3.28ஆல பெருக்கி 98.4 மீட்டர்னு எழுதிடறாங்க. வகுக்கறதுக்குப் பதிலா பெருக்கிட்டாங்க, சரி, கை தவறும். ஆனா 98 மீட்டர்ல ஒரு ரூமான்னு சந்தேகமே வரல பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. அடியை மூணால பெருக்கி பத்தால வகுத்தா போதும், 30 அடி 9 மீட்டர், துல்லியமா பார்த்தா 9.14. இந்த மனக்கணக்கு முதல்ல ஓடிட்டா கால்குலேட்டர் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டாங்க.

நம்ம நாட்டுல மெட்ரிக் அளவுக்கு 1956லயே சட்டம் வந்தாச்சு. ஆனா மேஸ்திரி இன்னும் அடிக்கணக்குதான், போர் போடறவர் 600 அடின்னுதான் சொல்வார் (மேல சொன்ன கணக்குப்படி 180 மீட்டர், நெஜத்துல 183), டெய்லர் துணியை மீட்டர்ல வாங்கி வரச் சொல்லிட்டு உடம்பை இஞ்ச்ல அளப்பார். பிள்ளைங்க ஸ்கூல்ல மீட்டர், வீட்டுல அடின்னு ரெண்டையும் தனித்தனியா வச்சிருக்காங்க. அடிக்கணக்கு உங்ககிட்ட இருக்கு, அதனாலதான் உங்களைக் கேக்கறேன்.

நிலம் வச்சிருக்கறவங்க பட்டாவை எடுத்துக் காட்டுங்க. அதுல ஹெக்டேர், ஏர்னு போட்டிருக்கும், நாம பேசறது ஏக்கர், சென்ட். ஏரை இரண்டரையால பெருக்கினா சென்ட் வந்துடும். 20.5 ஏர்னு இருந்தா 51 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல, அதாவது அரை ஏக்கர். ஆனா சரியான கணக்கு 50.66 சென்ட்தான், வித்தியாசம் 250 சதுர அடிக்கு மேல வரும், ஒரு சென்ட்டே 435.6 சதுர அடி இல்லையா. அதனால திண்ணையில பேச இந்தக் கணக்கு போதும், பத்திரம் எழுத ஆகாது. இந்த வித்தியாசத்தையும் பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. (ஜெராக்ஸ் கூட குடுத்தனுப்ப வேணாம், வீட்டுலயே காட்டினா போதும்.)

பரப்பளவுல இன்னொரு குழி இருக்கு. ஒரு மீட்டர் 3.28 அடின்னா ஒரு சதுர மீட்டரும் 3.28 சதுர அடின்னு நினைச்சுடறாங்க, அது 10.76. அதனால 1200 சதுர அடி மனையைப் பத்தால வகுத்து 120, அதுல ஏழு சதவீதம் கழிச்சா 111.6, கிட்டத்தட்ட சரியான விடை.

காய்ச்சல் கணக்கு ரொம்ப முக்கியம். செல்சியஸை ஃபாரன்ஹீட்டா மாத்த, ரெண்டால பெருக்கி 30 கூட்டுன்னு ஒரு குறுக்குவழி சுத்திட்டிருக்கு, வெயில் பத்திப் பேச ஓரளவு பரவால்ல, காய்ச்சலுக்கு வேணவே வேணாம். நல்லா இருக்கற பிள்ளைக்கே, 37க்கு, அது 104 காட்டும்! ரெண்டால பெருக்குங்க, வர்றதுல பத்துல ஒரு பங்கு கழிங்க, 32 கூட்டுங்க. 37க்கு 74, 7.4 போனா 66.6, கூட்டினா 98.6. இது தோராயம் இல்ல, அச்சு அசலா சரியான விடை. 39க்கு 102.2 வரும், போட்டுப் பாருங்க.

அமெரிக்காவுல இருக்கற சித்தி பாப்பா 7 பவுண்டுன்னு போன்ல சொன்னா, பாதியாக்கி அதுல பத்துல ஒரு பங்கு கழிச்சா 3.15 கிலோ. அஞ்சு மைல் எட்டு கிலோமீட்டர். இதுக்கெல்லாம் நேரம் செலவு பண்ண வேணாம்.

மேட்டூர் அணை நியூஸ் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு கன அடி தண்ணி 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய ரெண்டு குடம். விநாடிக்கு 10 ஆயிரம் கன அடின்னு வாசிக்கறாங்கன்னா ஒவ்வொரு விநாடிக்கும் 20 ஆயிரம் குடம் வருதுன்னு அர்த்தம். முழு உயரம் 120 அடி, அதை மீட்டர்ல அவங்களையே சொல்லச் சொல்லுங்க.

இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணினா 1983ல கனடாவுல நடந்ததைக் கேளுங்க. ஏர் கனடா விமானம் ஒண்ணுக்கு எரிபொருளைக் கிலோவுல கணக்குப் பண்ணணும், பவுண்டுக்கான எண்ணைப் போட்டுட்டாங்க, வேணுங்கறதுல பாதிகூட நிரப்பல, நடுவானத்துல ரெண்டு எஞ்சினும் நின்னு போச்சு. கிம்லிங்கற ஊர்ல பழைய விமானதளத்துல மிதந்தே வந்து இறக்கினாங்க, யாரும் சாகல. வகுப்புல இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு பையன், "ஒருத்தர்கூட மனசுல போட்டுப் பார்க்கலையா சார்"னு கேட்டான்.

வீட்டுவேலை இதான்: வீட்டுல அஞ்சு பொருளை நீங்க உங்க அளவுல சொல்லணும், பிள்ளை போனைத் தொடாம மெட்ரிக்ல மாத்தி எழுதணும், அப்புறமா டேப்பையோ தராசையோ வச்சு சரிபார்க்கணும். தப்பு வந்தா அழிக்க வேணாம், பக்கத்துல சரியான விடையை எழுதினா போதும். நோட்டை வெள்ளிக்கிழமை குடுத்தனுப்புங்க. கட்டட வேலை, தையல், ஆசாரி வேலை பார்க்கறவங்க யாராவது ஒரு மத்தியானம் வகுப்புக்கு வந்து இஞ்ச் டேப்போட அரைமணி நேரம் பேச முடியும்னா நோட்டுலயே எழுதிடுங்க, உங்களுக்குத் தோதான நாள்ல வச்சுக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்