பச்சையாக இருக்கும்போதே எங்களுக்கும் இரண்டு கட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதை ஒட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். எல்லாரும் நிழலைப் பற்றியே எழுதியிருந்தார்கள். எனக்கும் அந்த நிழலில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அனுபவம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெட்டின மரம் அப்புறம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் பண்ருட்டிப் பக்கம் கடைசல் வேலை, அதாவது சுற்றுகிற மரக்கட்டையில் உளி வைத்து உருவம் எடுக்கிற வேலை, செய்கிறவன். அப்பா காலத்தில் கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை, பம்பரம் என்று பட்டறை ஓயாது. சுற்றுகிற கட்டையில் அரக்கை வைத்துத் தேய்த்து, தாழை மடலால் பளபளப்பு ஏற்றுவார். கட்டில் காலை இரும்பும் பம்பரத்தை பிளாஸ்டிக்கும் கொண்டுபோய்விட்டன. பன்னிரண்டு வருடமாக நான் மரக் கிண்ணம் கடைகிறேன். புதுச்சேரியில் மூன்று கடைக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பிழைப்பு ஓடுகிறது.

கிண்ணத்துக்குப் பச்சை மரம்தான் வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஊர் தச்சர்களே சிரிப்பார்கள். கதவுக்கும் நிலைக்கும் நன்றாகக் காய்ந்த மரத்தைத் தேடுகிறவர்கள் அவர்கள், சிரிக்கத்தான் செய்வார்கள். ஆறு அங்குலக் கனமுள்ள கட்டை உள்வரை காய வருடக்கணக்கில் ஆகும். காய்ந்து முடிவதற்குள் பிளந்தும் போகும். அதனால் வெட்டின சூட்டோடு, தண்ணீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கக் கடைய வேண்டும். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் சுவரை ஒரு அங்குலக் கனத்தில் விட்டு முரட்டுக் கடைசலாக எடுத்து, மரச் சீவலோடு காகிதப் பையில் போட்டுக் காற்றுப் படாத மூலையில் வைப்பேன். வாரம் ஒரு தடவை தராசில் வைத்துப் பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். என் பட்டறையில் புளிக்கு ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் வட்டம் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். மரம் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளர்ச்சி வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அந்தக் கோணலைச் சீவி எடுக்கத்தான் ஒரு அங்குலம் விட்டு வைப்பது.

ஆக, மரம் விழுந்த முதல் சில நாட்கள்தான் எங்களுக்குக் கணக்கு. கட்டையின் இரண்டு முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். வெயிலில் கிடந்தால் இரண்டே நாளில் முனையில் மயிரிழை போல வெடிப்பு விழும், பிறகு அது உள்ளே ஓடும். வெட்டின அன்றே முனையில் உருக்கிய மெழுகைப் பூசினால் போதும். மெழுகுக்கு வழியில்லை என்றால் வீட்டில் மிஞ்சின பழைய பெயின்ட்கூட உதவும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையில் மரங்களை ஏலம் விட்டார்கள். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாற்பதுக்கு மேல் மரம், ஒரே தொகுதி. முன்பணமே என் இரண்டு வருட வருமானத்துக்கு மேல். "எனக்கு ரெண்டே ரெண்டு அடிக்கட்டை போதுங்க, மரத்துக்கு உண்டான விலையைக் கட்டிடறேன்" என்றேன். "தனி மரமா குடுக்க விதி இல்லைங்க. ஏலம் எடுத்தவரைப் போய்ப் பாருங்க" என்றார்கள். ஏலம் எடுத்தவரோ எல்லாவற்றையும் வெட்டி முடித்து, கொம்பு கழித்து, லாரி கிடைத்து ஏற்றும் வரை மூன்று வாரம் ஆக்கினார். அதன்பிறகுதான் விறகுக் கடையில் போய் நின்றேன். ஆள் இடுப்பு உயரத்துக்குக் கவையாகக் கிளை பிரிந்த அருமையான புளி. உள்ளே ஊதா கலந்த கறுப்பில் வைரம் பாய்ந்த நடுமரம். முனையிலிருந்து அரை அடி ஆழத்துக்கு வெடிப்பு. அதையும் எடை மேடையில் ஏற்றி டன் கணக்கில்தான் விலை போட்டார்கள். பச்சைக் கட்டையின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர் இருக்கும் என்பது விற்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கினேன். எட்டுக் கிண்ணம் எதிர்பார்த்த இடத்தில் இரண்டு தேறியது. மீதி மரம் செங்கல் சூளைக்குப் போனது. கறிக்கடையில் வருடக்கணக்கில் கத்திவெட்டுத் தாங்குகிற மரம் அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேக்கு, சந்தனம், ஈட்டி எதையும் நான் கேட்கவில்லை. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது புளி, வேம்பு, மா, பலா, வாகை, தூங்குமூஞ்சி. அதாவது, எப்படியும் விறகாகப் போகிற மரம்.

தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். ஹவாய்த் தீவுகளிலும் பிலிப்பைன்ஸிலும் இந்த மரத்தில் கிண்ணமும் தட்டும் கடைந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பது பழைய தொழில். சுருக்கம் குறைவு என்பதால் பச்சையாகக் கடைந்தாலும் அவ்வளவாகக் கோணாது. வர்தா புயல் 2016 டிசம்பர் 12இல் சென்னையைக் கடந்தபோது தெருத்தெருவாக இந்த மரம் விழுந்து கிடந்ததை, மகள் வீட்டுக்குப் போயிருந்த நான் கண்ணால் பார்த்தேன். துண்டு போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கையில் ஒரு பை மட்டும் வைத்துக்கொண்டு வயிறெரிய நின்றேன். அதற்கு முன் 2011 கடைசியில் தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாத் தோப்புகளைச் சாய்த்தபோதும் இதே கதைதான். பலா விழுந்த வீட்டுக்காரர்களுக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் கவலை. வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆள் தெரிந்தால் இந்த வியாபாரம் எவ்வளவு சுலபம் என்பதற்குப் பலாவே சாட்சி. எங்கள் பக்கத்துப் பலாவில்தான் மிருதங்கக் கட்டை செய்கிறார்கள். அந்தத் தொழில் செய்கிற நண்பர் ஒருவருக்குக் கணு இல்லாத நேர்த்தண்டு வேண்டும். கவையும் முண்டும் வேண்டாம். எனக்கோ கவைதான் வேண்டும், கிளை பிரிகிற இடத்தில் ரேகை மயில்தோகை மாதிரி விரியும். மரம் வெட்டுகிற அன்று காலையிலேயே போன் போடுவார். நான் போய் முண்டுகளை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவர் கேட்கிற சில்லறைக் கடைசல் வேலைகளைச் செய்து கொடுப்பேன். ஏழு வருடமாகக் காசு கைமாறியதில்லை.

ஏலம் விடுகிற அலுவலகங்களிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். வெட்டுகிற தேதியை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போடுங்கள். தொகுதியில் நாலைந்து அடிக்கட்டைகளை மட்டும் தனியே பிரித்து, கைத்தொழில் செய்கிறவர்களுக்குக் கன அடிக் கணக்கில் அங்கேயே விற்க வழி செய்யுங்கள். விறகு விலையைவிட நாங்கள் கூடத்தான் தருவோம், அரசுக்கு நட்டமில்லை. வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டையின் அகலத்தைவிட இரண்டு அங்குலமாவது நீளம் கூட்டி அறுங்கள். முனையில் வெடிப்பு விழுந்தாலும் அறுத்துத் தள்ள இடம் இருக்கும். நட்டநடு மையத்தின் வழியாகப் பிளக்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊரைத் தாண்டி அடுத்த வளைவு வரைக்கும் மரங்களுக்குப் பெயின்ட்டில் எண் போட்டுவிட்டார்கள். 17ஆம் எண் புளி, தரையிலிருந்து நாலடியில் மூன்றாகப் பிரிகிறது. மூன்று கிலோ மெழுகு வாங்கி வைத்திருக்கிறேன். தேதியைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இப்படிக்கு,
கடைசல் தொழிலாளி ஒருவர்,
பண்ருட்டி வட்டம்